ஜாடி உடையாத சண்டை

பத்தொன்பது வருடத்தில் நான் நானூறு தடவைக்கு மேல் செத்திருக்கிறேன். நான் எண்ணவில்லை. என் மைத்துனன் அதீப் எண்ணி வைத்திருக்கிறான். சினிமாவில் ஹீரோவிடம் அடி வாங்கி விழுகிற ஃபைட்டர் நான். பெயர் ஜுனைத், ஊர் கோவளம். என் பெயரை நீங்கள் எங்கும் படித்திருக்க மாட்டீர்கள். முகத்தையும் பார்த்திருக்க மாட்டீர்கள். முதுகைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

அது என் குற்றம் இல்லை, தொழிலின் முறை அப்படி. ஒரு படத்துக்கு இருபது ஃபைட்டர்தான் போவோம். ஹீரோவோ அறுபது பேரை அடித்தால்தான் வீடு திரும்புவார். அப்படியானால் ஆளுக்கு மூன்று முறை சாக வேண்டும். மார்க்கெட்டில் செத்தவன் துறைமுகத்தில் எழுந்து வந்து நின்றால் டிக்கெட் வாங்கியவன் சும்மா இருப்பானா? அதனால், அடி விழப்போகும் நொடியில் கேமராவுக்கு முதுகைக் கொடுத்துவிட வேண்டும். முதல் வாரத்திலேயே இதைப் பழக்கிவிடுவார்கள். இப்போதெல்லாம் யாராவது சட்டென்று கையை ஓங்கினால் கேமரா இல்லாத இடத்தில்கூட நான் திரும்பிக்கொள்கிறேன்.

அதீப் படூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு படம் வந்ததும் போன் செய்வான். "மச்சான், இந்தப் படத்துல உன் முதுகு பின்னிட்சி" என்பான். அவன் கல்யாண ஆல்பத்தில்கூட நான் முதுகைக் காட்டித்தான் நிற்கிறேனாம். பிரியாணித் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடுகிறவனுக்கு முதுகு தெரியாமல் வேறு என்ன தெரியும்? சொன்னால் கேட்கிற பயலா அவன்?

அவனைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மனைவி ருக்சானாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கும். மாப்பிள்ளை சினிமாவில் நடிக்கிறார் என்று சொல்லித்தான் அவளைப் பெண் கேட்டார்கள். பதினான்கு வருடமாக அவள் சொந்தக்காரர்கள் "எங்க, காட்டு பாக்கலாம்" என்கிறார்கள். இவள் டிவியில் படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடி, "தோ, இந்தக் கை இவருது. இந்தத் தோளு இவருது" என்று காட்டுவாள். அவர்களும் "ஆமா ஆமா" என்பார்கள். அந்த ஆமா ஆமாவைக் கேட்கும்போது எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருக்கும்.

போன வருடம்தான் வழி பிறந்தது. திருநாவுக்கரசு மாஸ்டர் கூப்பிட்டார். பெரிய ஃபைட் மாஸ்டர். "உளவாளி படம் ஒண்ணு, ஜுனைதே. ஹீரோவும் நீயும் மட்டும். மூணு நிமிசம். ஒரே தடவ சாவுற. மூஞ்சி க்ளோஸப்புல தெரியும்" என்றார். நான் போனைக் கீழே வைப்பதற்குள் ருக்சானா தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதீப் சவால் விட்டான். "மூஞ்சி மட்டும் வரட்டும் மச்சான், பதினாலு டிக்கெட்டு நான் எடுக்கறேன். சொந்தக்காரங்க மொத்தப் பேரும் வந்து பாக்கறோம்."

படப்பிடிப்பு மாமல்லபுரம் ரோட்டில், சவுக்குத்தோப்புக்குப் பின்னால் இருந்த ஒரு பங்களாவில். கதைப்படி அது பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டின் தூதரகம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டி அதன்மேல் பஞ்சைத் தூவியிருந்தார்கள். சித்திரை மாதம். கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. பக்கத்துக் கூடத்தில் தூதர் நூறு பேருக்கு விருந்து வைக்கிறார். விருந்தாளியாக வந்த உளவாளி ஹீரோ, இந்த அறைக்குள் நழுவி ஒரு ஃபைலைத் திருட வேண்டும். நான் அறையின் காவல்காரன். அவரைப் பிடித்துவிடுகிறேன். பிறகு ஒன்பது பூஜாடி, இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு மேஜை எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு சண்டை.

இந்தக் காலத்துச் சண்டைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கேமராவைப் பிடித்து ஆட்டுகிறார்கள். நொடிக்கு நாலு துண்டாக வெட்டுகிறார்கள். யார் கை யார் மூக்கில் என்று அடி வாங்கின எனக்கே தெரிவதில்லை. கேட்டால் வேகம் என்கிறார்கள். அடிக்கிறவனால் சண்டை நன்றாக வருகிறது என்று ஊரே நம்புகிறது. பச்சைப் பொய். ஹீரோவின் கை என் மூக்குக்கு அரை அடி தள்ளித்தான் போகும். நான் தலையைச் சொடுக்குகிற சொடுக்கில்தான் அது அடியாகிறது. நான் கொஞ்சம் முன்னால் சொடுக்கினால் ஹீரோ கோமாளி.

இவ்வளவு தெரிந்த நான் அன்று என்ன செய்தேன்? முதல் டேக்கில் ஹீரோ கையை ஓங்கினார். நான் அழகாக முதுகைக் காட்டினேன்.

"கட்! மூஞ்சிடா, மூஞ்சி!" என்றார் மாஸ்டர். சரி என்றேன். இரண்டாவது டேக்கிலும் முதுகு. மூன்றாவதில் கழுத்தைப் பிடிவாதமாக முன்னால் வைத்தேன். உடம்பு மட்டும் தன்னால் திரும்ப, ஜாடியோடு ஜாடியாகச் சாய்ந்தேன். ஆறாவது டேக்கில் மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "இன்னாடா, உன் முதுகுக்கா க்ளோஸப் வெச்சிகினு கீறேன்?"

அதைவிடப் பெரிய பேஜாரு ஒன்று மானிட்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ருக்சானா படூரில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். என் முகத்தைப் படம் பிடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று லீவு போட்டு, டிபன் கேரியரோடு வந்திருந்தாள். ஆறு முறையும் அந்தச் சின்னத் திரையில் என் முதுகைப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டதும் என்னைச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

இங்கே எங்கள் வீட்டுச் சண்டை முறையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு இரண்டே அறை. முன்னறையில் மாமனார் நூர்முகமது இருக்கிறார். அவருக்கு வயது எழுபத்தைந்து, காதுக்கு மட்டும் இருபது. எங்கள் சண்டை அவர் காதில் விழுந்தால் போயிற்று. இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து, அவருக்கும் மாமிக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். அதனால் பதினான்கு வருடமாக நாங்கள் சமையலறையில், சத்தம் வராமல் சண்டை போட்டுப் பழகியவர்கள். எங்களுக்குள் பெரிய பெரிய சண்டையெல்லாம் நடந்திருக்கிறது. இந்த நிமிடம் வரை மாமாவுக்கு ஒன்றும் தெரியாது.

பந்தல் துணிக்கு அந்தப் பக்கம் ஹீரோவும் டைரக்டரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ருக்சானா தொடங்கினாள்.

"யோவ், உனக்கு மூஞ்சின்னு ஒண்ணு கீதா, இல்லியா?" என்று காற்றாகக் கேட்டுவிட்டு, கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போகிற கிள்ளு. நான் கத்தவில்லை. கத்தல் தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் விரலைப் பிரிக்கப் போனதில் என் முழங்கை பட்டு டிபன் கேரியர் மேஜையிலிருந்து சரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். அடிப்பாகம் என் கையில், மூடி அவள் கையில். டொக்கென்று ஒரு சத்தம் வராமல் திரும்ப மேஜையில் வைத்தோம். வைத்த கையோடு அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினேன்.

அந்த நேரம் லைட்டுக்காரர் ஒருவர் தட்டைக் கழுவ வந்தார். காதிலிருந்த கை என் தலைமுடியைக் கோத ஆரம்பித்தது. "சாப்ட்டீங்களாண்ணே?" என்று சிரித்துக் கேட்டாள். அவர் போனதும் கை மறுபடி காதுக்கு வந்தது.

"அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும்!"

திரும்பினால், உரித்த வாழைப்பழத்தோடு திருநாவுக்கரசு மாஸ்டர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, வேறு என்னவோ இருந்தது.

"இதான்யா சண்ட!" என்றார். "பக்கத்து ஹால்ல நூறு பேரு. இவனுங்க உள்ளார ஒம்பது ஜாடிய உடைக்கறானுங்க. ஒருத்தன் எட்டிப் பாக்கல. முப்பது வருசமா சண்ட போடறேன், எனக்கு இது தோணவே இல்லியே!"

ருக்சானாவுக்குக் காத்துக்கொண்டே இருந்தாற்போல வாய் திறந்துகொண்டது. "காலீலயே கேக்கணும்னு நெனச்சேன் சார். எங்க வூட்ல ஒரு கரண்டி வுழுந்தா போதும், அத்தா 'இன்னாம்மா அங்க'ன்னு கொரல் குடுப்பாரு. இத்தினி ஜாடி ஒடையுது, அந்தத் தூதரு இன்னா செவுடா?"

மாஸ்டர் டைரக்டரை இழுத்துக்கொண்டு வந்தார். டைரக்டர் இளைஞர், நல்லவர், தாடியை நீவினார். "ஹீரோ சத்தம் போட மாட்டான், சரி. காவல்காரன் ஏன் மாஸ்டர் சும்மா இருப்பான்? ஒரு குரல் குடுத்தா ஆளுங்க வந்துடுவாங்களே?" என்றார். எல்லோரும் யோசித்தோம். ஹீரோகூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அவனும் திருட வந்தவனா இருந்தா?" என்றாள் ருக்சானா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். "காவல்காரன் இல்ல சார். அவனும் அதே ஃபைலத் திருட ஜன்னல் வழியா எறங்கிகீறான். ரெண்டு பேருமே திருடன். எவன் கத்துவான்?"

அடுத்த மூன்று மணி நேரத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். இந்த முறை நிஜமாகச் சாகிறதைச் சொல்கிறேன். உடைவதற்கென்றே செய்த பிளாஸ்டர் ஜாடிகள் கையில் பிடித்தாலே நொறுங்கின. ஆகவே பங்களாக்காரரின் நிஜப் பீங்கான் ஜாடிகளைக் கேட்டு வாங்கினார்கள். ஒன்று உடைந்தால் மறு ஜாடி கிடைக்காது என்று அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அந்தப் பயம் எங்கள் இருவர் கையிலும் வந்துவிட்டது. ஹீரோ என் தொண்டையைப் பிடிக்கிறார். என் தோள் பட்டு ஜாடி ஆடுகிறது. தொண்டையை விட்டுவிட்டு அவரும், அவர் வயிற்றை விட்டுவிட்டு நானும் ஜாடியைப் பிடிக்கிறோம். பிடித்து, நேராக வைத்து, பூவைக்கூடச் சரி செய்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்கிறோம். கதவை ஒரு வெயிட்டர் தட்டுகிறான். என் முட்டி ஹீரோவின் விலாவில் இருக்க, அவர் "ஒன்றும் வேண்டாம், நன்றி" என்று தேன் குரலில் சொல்கிறார். சொல்லிவிட்டு என் கால் கட்டை விரலை மிதிக்கிறார்.

அங்கேதான் என் முகம் வந்தது. கத்த முடியாத வலியை முதுகில் காட்ட முடியாது. பத்தொன்பது வருடப் பழக்கம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை, நான் திரும்பவே இல்லை. ஒத்திகையை மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். திரை முழுக்க நான். கண் பிதுங்கி, உதடு நடுங்கி, கத்தலை விழுங்குகிற நான். ருக்சானா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா கீறீங்க" என்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

டேக்குக்கு முன் மாஸ்டர் சுற்றி எல்லோரையும் பார்த்தார். "கதையில ஓட்ட எதனா கீதா? இப்பவே சொல்லிடுங்க." கேட்டுவிட்டு ருக்சானாவைத்தான் பார்த்தார். ருக்சானா டிபன் கேரியரின் கொக்கியை இழுத்து மாட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டை இருந்தது, மலையளவு. ஹீரோ அழைப்பிதழோடு வந்த விருந்தாளி, முகத்தைக் காட்டலாம். ஜன்னல் வழியாகத் திருட இறங்கினவன், நூறு பேர் இருக்கிற வீட்டுக்கு முகத்தைத் திறந்து போட்டுக்கொண்டா வருவான்? முகமூடி வேண்டும். ருக்சானாவுக்கும் அது தெரியும். ஓட்டையைக் கண்டால் விரலை விடாமல் இருக்க முடியாத பெண், எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை அரை அங்குலம் ஆட்டினாள்.

நான் ஒரு நிமிடம் சொல்லவில்லைதான். அதீப் ஞாபகம் வந்தது, பதினாலு டிக்கெட் ஞாபகம் வந்தது. பிறகு தியேட்டர் ஞாபகம் வந்தது. ருக்சானா மாதிரி ஒருத்தி எங்காவது ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்க மாட்டாளா? "திருட வந்தவன் இன்னா கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்துகீறான்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவ்வளவுதான். மூன்று நிமிடமும் பாழ். அவ்வளவு நல்ல சண்டையில் நான் அதுவரை செத்ததே இல்லை. அது கெடுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"மாஸ்டர், எனக்கு முகமூடி வேணும்" என்றேன்.

மாஸ்டர் என் தோளில் கை போட்டார். "கண்ணு தெரியும்டா" என்றார் மெதுவாக. "கண்ணு மட்டும் வுட்டுடறேன்." கறுப்புத் துணி வந்தது. போட்டுக்கொண்டேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது.

திரும்பும்போது பஸ்ஸில், கோவளத்தில் இறங்குவதற்குச் சற்று முன்னால் ருக்சானா கேட்டாள். "நான்தான் வாயத் தொறக்கலியே. உனக்கு இன்னா கேடு?"

"சண்ட கெட்டுப் பூடும் ருக்சானா."

"என் மானம்?"

அதீப்பிடம் இருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டில் மதியக் காட்சிக்குப் பதினாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். சொன்ன வார்த்தைப்படி அதீப் டிக்கெட் எடுத்திருந்தான். மாமா நூர்முகமதுகூட வந்திருந்தார். ருக்சானா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சண்டை வந்தது. பாட்டு இல்லை, மேளம் இல்லை. பக்கத்துக் கூடத்தில் யாரோ பியானோ வாசிக்கிற சத்தம் மட்டும். முதல் ஜாடி ஆடியபோது தியேட்டர் முழுவதும் ஒரே மூச்சாக இழுத்தது. பிடித்தோம். மூச்சை விட்டார்கள். வெயிட்டர் கதவைத் தட்டியதும் சிரித்தார்கள், சிரித்த வேகத்தில் தங்கள் வாயையே பொத்திக்கொண்டார்கள். எங்கள் சண்டைக்காக நானூறு பேர் சத்தம் போடாமல் இருந்தார்கள். பாப்கார்ன் பொட்டலத்தைக்கூட யாரும் அசைக்கவில்லை.

"மச்சான், உன் சீன் எப்ப?" என்று அதீப் என் காதில் கேட்டான்.

"பாரு" என்றேன்.

கடைசியில் ஹீரோ கழுத்தை இறுக்க, நான் அலமாரியோடு சரிகிறேன். மேல்தட்டு ஜாடி உருண்டு வருகிறது. உயிர் போகிற நேரத்தில் கையை நீட்டி அதைப் பிடித்து நெஞ்சில் அணைத்துக்கொள்கிறேன். இது மாஸ்டர் சொன்னது இல்லை, டேக்கில் நானாகச் செய்தது. கண் மூடுகிறது. ஜாடி பத்திரமாக இருக்கிறது. தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். ஹீரோ உயிரோடு நிற்கிறார், கைதட்டல் எனக்கு.

அதீப் எழுந்து நின்று விசில் அடித்தான். "எவன் மச்சான் அந்த முகமூடி? செமயா செத்தான்! ஆமா, நீ எப்பதான் வருவே?"

வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. மாமா பார்த்தார். அப்போதுதான் ருக்சானா எழுந்தாள். சமையலறையில்கூட என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவள், தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"அது எங்க வூட்டுக்காரரு!"

முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா திரும்பினார். "யாரும்மா, ஹீரோவா?"

"இல்லக்கா. செத்துப் போனாரே, அவரு."

எந்தப் பெண்டாட்டியும் அந்த வார்த்தையை அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டாள். அந்த அக்கா இருட்டில் என்னைத் தேடிப் பிடித்து, மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா செத்தேப்பா" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் அழுதுவிட்டேன்.